மண்ணும் உடன்படிக்கையும்

இரணைமடுக் குளத்தின் கீழ்க் கமஞ் செய்வோர் ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு கூட்டங் கூடுவது வழக்கம். அரசாங்க அதிபர் தலைமை தாங்க, நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் கமக்காரரும் ஒருங்கிருந்து, எத்தனை ஏக்கரில் விதைப்பது, எந்நாளில் நீர் திறப்பது, எந்நாளில் நிறுத்துவது என்பவற்றைத் தீர்மானிப்பர். வாய்க்காலின் தலைப்பிற் காணியுடையவனுக்கு இக்கூட்டத்தால் ஆவது சிறிதே. நீர் அவனை எப்படியும் வந்தடையும். கடைப்பகுதியிற் காணியுடையவனுக்கோ அக்கூட்டத்தின் முடிவே உயிர். தலைப்பிலுள்ளவன் நல்லவன் என்ற நம்பிக்கை ஒன்றையே துணைக்கொண்டு அவன் விதைப்பதில்லை. நாள் குறித்த தீர்மானமும் அதனை நடைமுறைப்படுத்தும் அலுவலரும் உண்டு என்பதனாலேயே விதைக்கின்றான். வட்டக்கச்சியில் வாழும் கமக்காரர் யாவரும் அறிந்த இவ்வுண்மை, இனங்களுக்கிடையே செய்யப்படும் உடன்படிக்கைகளுக்கும் பொருந்துமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இனப்பிணக்கு என்றவுடன் உலகோர் நினைவில் முதற்கண் எழுவது பலஸ்தீனம். யூதரும் அராபியரும் ஒரே மண்ணுக்கு உரிமை கொண்டாடி நூறாண்டாகப் பொருது வருகின்றனர். நம் நாட்டிற் சிங்களவருக்கும் தமிழருக்கும் இடையே நிகழ்ந்தவற்றை அதனோடு ஒப்பிட்டுப் பேசுவோர் பலர். அவ்வொப்பு எவ்விடத்திற் பொருந்தும், எவ்விடத்திற் பொருந்தாது என்பதை ஆராயாது பேசுவதால் உணர்ச்சி பெருகுமேயன்றி அறிவு பெருகாது. ஆகவே அந்நாட்டு நிகழ்ச்சிகளை முதலிற் சுருக்கமாக நோக்கிப் பின்னர் நம் நாட்டு வரலாற்றுக்கு வருவாம்.

பலஸ்தீனம்

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கையில், 1917 நவம்பர் 2 ஆம் நாள், பிரித்தானிய வெளிநாட்டு மந்திரி ஆதர் பல்பர், பலஸ்தீனத்தில் யூதருக்கு ஒரு தேசிய வாழிடம் அமைவதைத் தம் அரசாங்கம் ஆதரிக்கும் என்று கடித மூலம் அறிவித்தார். அவ்வேளை அந்நாட்டில் வாழ்ந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கினர் அராபியர். அவர் வாழ்ந்த மண்ணைப் பற்றிய வாக்குறுதி அவரைக் கேளாமலே அளிக்கப்பட்டது. மறுபுறத்தில், ஐரோப்பாவிற் பல நூற்றாண்டுகளாகத் துன்புறுத்தப்பட்டு வந்த யூதருக்குப் புகலிடம் வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஹிட்லரின் ஆட்சியில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்ட பின்னர் அத்தேவையை மறுத்தல் எவர்க்கும் இயலாதாயிற்று. இரு நியாயங்கள் ஒன்றோடொன்று மோதிய இடமே பலஸ்தீனம் எனலாம்.

1947 நவம்பர் 29 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை அந்நாட்டை இரு அரசுகளாகப் பிரிக்கத் தீர்மானித்தது. யூதத் தலைவர் அதனை ஏற்றனர், அராபியர் மறுத்தனர். 1948 மே 14 ஆம் நாள் இஸ்ரேல் அரசு பிரகடனஞ் செய்யப்பட்டது. அதனையொட்டி நிகழ்ந்த போரில் ஏறத்தாழ 7 இலட்சம் பலஸ்தீனர் வீடுவாசல் இழந்து அகதிகளாயினர். 1967 யூன் மாதத்து ஆறு நாட் போரில் மேற்குக் கரையும் காசாவும் கிழக்கு எருசலேமும் இஸ்ரேலின் கைப்பட்டன. அந்நிலங்களில் யூதக் குடியேற்றங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

1993 செப்டெம்பர் 13 ஆம் நாள், இஸ்ரேலியப் பிரதமர் றபீனும் பலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் அரபாத்தும் வாஷிங்டன் நகரிற் கைகுலுக்கிக்கொண்டனர். நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில் இரகசியமாக நிகழ்ந்த பேச்சுக்களின் பயனாக அவ்வுடன்படிக்கை பிறந்தது. ஆயினும் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. எருசலேமின் நிலை, குடியேற்றங்கள், அகதிகளின் மீட்சி, எல்லைகள் ஆகிய நான்கும் பின்னர் பேசித் தீர்க்கப்படும் என ஒதுக்கி வைக்கப்பட்டன. பிணக்கின் வேர்கள் அவை நான்குமே. அவற்றைப் பேசும் நாள் வரும்வரை குடியேற்றங்கள் காத்திருக்கவில்லை. உடன்படிக்கை செய்த காலத்தில் மேற்குக் கரையில் ஓர் இலட்சத்தைச் சிறிது கடந்திருந்த குடியேறியோர் தொகை, பின்னர் நான்கு இலட்சத்தையுங் கடந்தது. மறுபுறத்தில் உடன்படிக்கையை எதிர்த்த பலஸ்தீன இயக்கங்கள் பேருந்துகளிலும் சந்தைகளிலும் குண்டு வெடிக்கச் செய்து பொதுமக்களைக் கொன்றன. 1995 நவம்பர் 4 ஆம் நாள் றபீன் தம் இனத்தைச் சேர்ந்த ஒருவனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். முப்பதாண்டு கழிந்தபின், 2023 ஒக்டோபர் 7 ஆம் நாள் ஹமாஸ் இயக்கத்தார் இஸ்ரேலினுட் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றதும், அதன்பின் இஸ்ரேல் தொடுத்த போரிற் காசாவிற் பல்லாயிரம் மக்கள் மடிந்து ஊர்கள் தரைமட்டமானதும் நாம் கண்ட செய்திகளே.

வேரைப் பின்னைக்கு ஒதுக்கிய சமாதானம் நிலைபெறாது என்பது இவ்வரலாறு காட்டும் பாடம். இனி, நம் நாட்டு வரலாறு இப்பாடத்தை உறுதிசெய்கின்றதா என்பதை நோக்குவாம்.

இலங்கையிற் குடியேற்றத் திட்டங்கள்

இலங்கையில் இனப்பிணக்கைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மொழியிலிருந்தே தொடங்குவர். மொழிப் பிரச்சினை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மொழிக்கு முன்னும் மொழியோடு உடனாகவும் நின்றது காணிப் பிரச்சினை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் முடிக்குரிய காணிகளைக் காணியற்றோருக்குப் பகிர்ந்தளிக்க வழிசெய்தது. விவசாய, காணி மந்திரியாக இருந்து பின்னர் முதற் பிரதமராகிய டி. எஸ். சேனநாயக்க, வரண்ட வலயத்துப் பழங் குளங்களைத் திருத்தி மக்களைக் குடியேற்றும் பணியைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். மலைநாட்டிற் பெருந்தோட்டங்கள் பரந்தமையால் நிலமின்றி நெருக்குண்ட கண்டிச் சிங்களக் குடியானவருக்கு இத்திட்டங்கள் வாழ்வளித்தன. தம் முன்னோர் கட்டிய குளங்களைத் தாம் மீட்பதாக அவர் கருதினர். அவர் நோக்கிலிருந்து காணின் அது குற்றமன்று.

தமிழர் கண்டது வேறு. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் திருகோணமலை மாவட்டத்துத் திட்டங்களும் கிழக்கு மாகாணத்தின் குடித்தொகையை மாற்றின. 1946 ஆம் ஆண்டுக் குடிமதிப்பிற் கிழக்கு மாகாணத்திற் பத்தில் ஒரு பங்குக்குங் குறைவாயிருந்த சிங்கள மக்கள், 1981 இல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினராயினர். குடித்தொகை மாறின் தேர்தற்றொகுதியும் மாறும். தொகுதி மாறின் அதிகாரமும் மாறும். ஆகவே குடியேற்றத்தைத் தமிழர் பொருளாதாரத் திட்டமாகக் காணாது, தம்மைத் தம் மண்ணிலேயே சிறுபான்மையாக்கும் முயற்சியாகக் கண்டனர். 1956 யூன் மாதத்திற் சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, முதன் முதலிற் பெருங் கொலைகள் நிகழ்ந்த இடம் கல்லோயாக் குடியேற்றப் பகுதியே என்பது கருதத்தக்கது. மொழியால் மூண்ட தீ காணியிற் பற்றியது.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தலாகாது. வட்டக்கச்சியும் ஒரு குடியேற்றமே. கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பெற்ற இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி, யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நிலமின்றி நெருக்குண்ட மக்கள் கிளிநொச்சிப் பகுதியிற் குடியமர்த்தப்பட்டனர். காட்டை வெட்டி, மலேரியாவோடு போராடி, யானைக்கும் பன்றிக்கும் காவலிருந்து அவர் இவ்வயல்களை ஆக்கினர். அரசாங்கம் அளித்த உத்தரவுப் பத்திரமே அவர்க்கு உரிமைச் சான்று. ஆகவே குடியேற்றம் தன்னளவில் தீதன்று. எவர் குடியேற்றுகின்றார், எவரைத் தெரிவு செய்கின்றார், அவ்விடத்து மக்களுக்கு அத்தெரிவில் இடமுண்டா என்பதே வினா. கடந்த காலத்து உடன்படிக்கைகள் யாவும் இவ்வினாவையே சுற்றி எழுந்து, இவ்வினாவிலேயே முறிந்தன.

1957 ஆம் ஆண்டு உடன்படிக்கை

1956 ஓகஸ்டில் திருகோணமலையிற் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு நான்கு கோரிக்கைகளை முன்வைத்தது. சமஷ்டி ஆட்சி, மொழிச் சமத்துவம், மலையகத் தமிழரின் பிரசாவுரிமை, தமிழ்ப் பகுதிகளில் அரசாங்கக் குடியேற்றத்தை நிறுத்துதல் என்பன அவை. ஓராண்டுக்குள் அவை நிறைவேறாவிடின் சத்தியாக்கிரகம் தொடங்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. அந்நாள் நெருங்குகையில், 1957 யூலை 26 ஆம் நாள், பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் உடன்படிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டனர். 1926 இல் இலங்கைக்குக் கூட்டாட்சி ஏற்றது என்று தாமே எடுத்துரைத்தவர் பண்டாரநாயக்க. ஆகையால் அவருக்கு இப்பொருள் புதிதன்று.

அவ்வுடன்படிக்கை வட மாகாணத்துக்கு ஒரு பிரதேச சபையையும் கிழக்கு மாகாணத்துக்கு இரண்டோ பலவோ ஆகிய சபைகளையும் வகுத்தது. விவசாயம், கூட்டுறவு, காணி, காணி அபிவிருத்தி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம் முதலியன அச்சபைகளுக்கு உரியனவாயின. குடியேற்றத் திட்டங்களிற் காணி பெறுவோரைத் தெரிவதும், அங்கு வேலைக்கமர்த்தப்படுவோரைத் தெரிவதும் பிரதேச சபையின் அதிகாரம் என அது தெளிவாகக் கூறியது. வினாவின் உயிர்நிலையை நேராகத் தொட்ட உடன்படிக்கை அது. இத்துணைத் தெளிவு பிற்காலத்து உடன்படிக்கைகள் பலவற்றில் இல்லை.

எனினும் அது எட்டு மாதமும் சில நாட்களுமே வாழ்ந்தது. எதிர்க்கட்சியாயிருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் ஜே. ஆர். ஜயவர்த்தன 1957 ஒக்டோபரிற் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டு எதிர்ப்பைத் தூண்டினார். வாகன இலக்கத் தகடுகளிற் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் பொறித்ததை எதிர்த்து வடக்கிலும் கிழக்கிலும் கிளர்ச்சி எழுந்தது. தெற்கில் அதற்கு எதிர்க்கிளர்ச்சி எழுந்தது. 1958 ஏப்பிரில் 9 ஆம் நாள் பிக்குகள் பலர் கொழும்பிற் பிரதமரின் இல்லத்து முற்றத்தில் அமர்ந்து, உடன்படிக்கையைக் கைவிடுவதாக எழுத்தில் உறுதி வேண்டினர். பிரதமர் அவ்வாறே எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் நாடெங்கும் இனக்கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். தெற்கிலிருந்த தமிழர் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டனர். அந்நிகழ்ச்சி ஒரு தலைமுறையின் மனத்தில் ஆறாப் புண்ணாயிற்று.

இதிலிருந்து பெறப்படுவது யாது? உடன்படிக்கையிற் பொருள் இருந்தது, பிணை இருக்கவில்லை. அதனை நிறைவேற்றும் சட்டம் இயற்றப்படவில்லை, நாள் குறிக்கப்படவில்லை, நடுநின்று பார்ப்போர் எவருமில்லை. யாவும் ஒரு பிரதமரின் மனவுறுதியிலே தங்கி நின்றன. வாய்க்காற் கடைக்காரன் தலைப்பிலுள்ளவனின் சொல்லை மட்டும் நம்பி விதைத்த கதையாயிற்று அது.

1965 ஆம் ஆண்டு உடன்படிக்கை

1965 மார்ச் 24 ஆம் நாள் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்கவும் செல்வநாயகமும் மற்றோர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். காணியைப் பற்றி அது வகுத்த ஒழுங்கு ஊன்றி நோக்கற்பாலது. வடக்கு, கிழக்கு மாகாணங்களிற் குடியேற்றக் காணி வழங்குகையில், முதலிடம் அம்மாவட்டத்துக் காணியற்றோருக்கு. இரண்டாமிடம் அவ்விரு மாகாணங்களிலும் வதியும் தமிழ் பேசும் மக்களுக்கு. மூன்றாமிடம் நாட்டின் ஏனைய பிரசைகளுக்கு, அவருள்ளும் பிற பகுதிகளில் வதியும் தமிழருக்கு முன்னுரிமை. மாவட்ட சபைகள் அமைத்தலும் தமிழை அப்பகுதிகளில் நிருவாக மொழியாக்கலும் அதிலடங்கின.

இங்கு ஒரு விந்தை காண்க. 1957 இல் உடன்படிக்கையை எதிர்த்து ஊர்வலம் போன கட்சி 1965 இல் உடன்படிக்கை செய்தது. 1957 இல் உடன்படிக்கை செய்த கட்சியோ, 1966 சனவரியில் தமிழ் மொழி ஒழுங்குவிதிகள் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதனை எதிர்த்து ஊர்வலம் போனது. அவ்வூர்வலத்திற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஒரு பிக்கு பலியானார். நியாயத்தைப் பற்றிய கருத்து மாறவில்லை; ஆசனம் மாறியது, அவ்வளவே. ஆட்சியிலிருப்போர்க்கு நியாயமாகப் பட்டது எதிர்க்கட்சியிலிருக்கையில் துரோகமாகப் பட்டது. 1968 இல் மாவட்ட சபை மசோதாவும் கைவிடப்பட்டது. தமிழரசுக் கட்சியின் சார்பில் மந்திரியாயிருந்த மு. திருச்செல்வம் அவ்வாண்டிற் பதவி துறந்தார்.

இவ்வாறு இரு முறை ஏமாந்த பின்னரே, 1976 மே 14 ஆம் நாள் வட்டுக்கோட்டையிற் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி தனியரசைக் கோரியது. 1977 இலும் 1983 இலும் கலவரங்கள் நிகழ்ந்தன. உயிர் தப்பிய மலையகத் தமிழர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்து தஞ்சமடைந்தனர். முல்லைத்தீவு எல்லையிலுள்ள கென்ற், டொலர் என்னும் பண்ணைகளில் அவ்வாறு அமர்ந்தோர் 1984 இல் வெளியேற்றப்பட்டு, அவ்விடத்திற் சிங்களக் கைதிகள் குடியமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30 ஆம் நாள் விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கிப் பெண்டிர், குழந்தைகள் உட்படப் பலரைக் கொன்றனர். காணிக்காக எழுந்த பகை எளியோரின் குருதியைக் கொண்டே கணக்குத் தீர்த்தது. வெளியேற்றப்பட்டோரும் எளியோர்; வெட்டுண்டோரும் எளியோர்.

1987 உம் 2002 உம்

1987 யூலை 29 ஆம் நாள் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜயவர்த்தனவும் கொழும்பிற் கையொப்பமிட்ட உடன்படிக்கையின் பயனாக, அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறியது. மாகாண சபைகள் பிறந்தன. முப்பதாண்டுக்கு முன் கண்டிப் பயணம் புறப்பட்டவரே இச்சட்டத்தை ஆக்கியவர் என்பது வரலாற்றின் நகை. முந்திய இரண்டுக்கும் இல்லாத சட்டவலிமை இதற்கு இருந்தது. ஆயினும் பிணக்கிற் பொருதோர் அதிற் கையொப்பமிடவில்லை. சில மாதங்களில் இந்தியப் படையும் புலிகளும் போரிட்டனர். காணியோ, அரச காணி குடியரசுக்கே உரியது என்ற நிபந்தனையோடு மாகாணப் பட்டியலில் வைக்கப்பட்டது. காணிக் கொள்கையை வகுக்க, மாகாண சபைகளின் பிரதிநிதிகளையும் உள்ளடக்கிய தேசிய காணி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்படும் என்று அச்சட்டம் விதித்தது. சட்டம் பிறந்து முப்பத்தைந்து ஆண்டு கடந்தும் அவ்வாணைக்குழு அமைக்கப்படவில்லை. வடக்கையும் கிழக்கையும் இணைத்த பிரகடனம் செல்லாது என 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. வட மாகாண சபைக்கென முதற்றேர்தல் 2013 செப்டெம்பரிலேயே நடந்தது. 2018 இல் அதன் காலம் முடிந்தது.

2002 பெப்ருவரி 22 ஆம் நாள் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் போர்நிறுத்த உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். பலஸ்தீனப் பேச்சை நடத்திய அதே நோர்வே இங்கும் நடுநின்றது. அவ்வாண்டு டிசம்பரில் அதே ஒஸ்லோ நகரில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் சமஷ்டி அமைப்பை ஆராய இருதரப்பும் இணங்கின. கிளிநொச்சி அக்காலத்திற் புலிகளின் நிருவாகத் தலைநகர். வெளிநாட்டுத் தூதுவர் வந்து செல்லும் இடமாயிற்று. கண்காணிப்பாளர் இருந்தனர், முறைப்பாடுகள் எழுதப்பட்டன. ஆனால் உயர் பாதுகாப்பு வலயங்களிற் சிக்கிய காணிகளும் வீடுகளும் மீளவில்லை. அரசியற் பொருள் பின்னைக்கு ஒதுக்கப்பட்டது. 2003 ஏப்பிரிலிற் புலிகள் பேச்சிலிருந்து விலகினர். 2008 சனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையை முற்றாகக் கைவிட்டது. 1957 இற் பொருள் இருந்தது, பிணை இல்லை. 2002 இற் பிணை இருந்தது, பொருள் இல்லை. ஒஸ்லோவிற் பிறந்த இரு முயற்சிகளும் ஒரே குறையால் மாண்டன.

அதன் பின் நிகழ்ந்ததை வன்னி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2009 சனவரி 2 ஆம் நாள் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. வட்டக்கச்சி மக்களும் அயலூர் மக்களும் கிழக்கு நோக்கி நகர்ந்து, விசுவமடு, புதுக்குடியிருப்பு என ஊரூராகத் தள்ளுண்டு, முள்ளிவாய்க்காற் கரையை அடைந்தனர். மே மாதத்திற் போர் முடிந்தது. இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் அமைத்த வல்லுநர் குழு 2011 இற் கூறியது. அரசாங்கம் அதனை மறுத்தது. எஞ்சியோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வவுனியா மாவட்டத்து முகாம்களில் அடைபட்டனர். ஊர் மீண்டவர் கண்டது கூரையற்ற வீடும் பற்றை மண்டிய வயலும். சிலர்க்கு அதுவுமில்லை. கேப்பாப்புலவு மக்கள் இராணுவத்தின் வசமிருந்த தம் காணிக்காக 2017 இல் வீதியோரத்தில் இரவு பகலாக அமர வேண்டியதாயிற்று.

நம்மவர் பிழைகள்

பிறர் பிழையை எண்ணுவோன் தன் பிழையையும் எண்ணுதல் வேண்டும்; அன்றேல் அது வரலாறாகாது, வழக்குரையாகும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினர். சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனோரும் உளர். காணியிழப்பின் வலியை அறிந்த இனத்தின் பெயராலேயே அது செய்யப்பட்டது. பேச்சிற் பழகிய தலைவர்களை நாமே இழந்தோம். அ. அமிர்தலிங்கம் 1989 யூலையிற் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1965 இன் மந்திரி திருச்செல்வத்தின் மைந்தரும், அதிகாரப் பகிர்வு யோசனைகளை வரைவதிற் பங்குகொண்டவருமாகிய நீலன் திருச்செல்வம் 1999 யூலையில் தற்கொலைக் குண்டுதாரியாற் கொல்லப்பட்டார். இறுதிப் போரிற் பொதுமக்களை வெளியேறவிடாது தடுத்ததும், பிள்ளைகளைப் பிடித்துப் போருக்கு அனுப்பியதும் மேற்கூறிய வல்லுநர் குழுவின் அறிக்கையிற் பதிவாயுள்ளன. அக்காலத்திற் பிள்ளையை ஒளித்து வைத்த தாய்மார் இன்றும் நம்மிடையே உளர்.

இன்னுமொன்றுண்டு. கலவரங்களிலிருந்து தப்பி வந்த மலையகத் தமிழர் கிளிநொச்சி மாவட்டத்து வயல்களிற் கூலியாய் உழைத்தனர். அவருட் பலர்க்கு நெடுங்காலம் உத்தரவுப் பத்திரம் கிட்டவில்லை. பத்திரமில்லாதவன் போரில் வீடிழப்பின் நட்டஈடு கேட்கவும் வழியற்றவனாகின்றான். கொழும்பு நமக்கு நியாயம் வழங்கவில்லை என்று முறையிடும் நாம், நம் வாய்க்காலின் கடைப்பகுதியில் நிற்போனுக்கு என் செய்தோம் என்று வினவுதல் வேண்டாவோ?

சமாதானத்துக்குரிய வழி

பலஸ்தீனத்தோடு நம் நாட்டை ஒப்பிடுகையில் வேற்றுமையும் உண்டு. மேற்குக் கரையிலும் காசாவிலும் வாழும் பலஸ்தீனர்க்கு அவரை ஆளும் அரசின் தேர்தலில் வாக்கில்லை. இலங்கைத் தமிழர் வாக்குரிமையுள்ள பிரசைகள். அவருட் பெருந்தொகையினர் வடக்குக் கிழக்கின் வெளியேயும் வாழ்கின்றனர். சிங்களவரும் தமிழரும் இத்தீவில் நெடுங்காலம் அயலவராய் வாழ்ந்தவர். ஆகவே அங்கு வேண்டும் மருந்து இங்கும் வேண்டும் என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் நோயின் ஓர் இயல்பு ஒன்றே. இஸ்ரேலிலே பெரும்பான்மையாயுள்ள யூதர், சூழவுள்ள அராபிய நாடுகளிடையே தம்மைச் சிறுபான்மையாகக் காண்கின்றனர். இலங்கையிற் பெரும்பான்மையாயுள்ள சிங்களவர், பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டை நோக்கித் தம்மைச் சிறுபான்மையாகக் காண்கின்றனர். அஞ்சும் பெரும்பான்மை விட்டுக்கொடாது. அஞ்சும் சிறுபான்மை நம்பாது. இவ்விரு அச்சங்களையும் ஒருங்கே தணியாத எந்த உடன்படிக்கையும் ஏட்டளவிலேயே நிற்கும்.

மேற்காட்டிய வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, காணியைப் பின்னைக்கு ஒதுக்குதல் ஆகாது. எவர் காணி பெறுவார், எவர் தெரிவார், பறிபோன காணி எந்நாளில் மீளும் என்பன உடன்படிக்கையின் முதற் பக்கத்தில் இடம்பெறல் வேண்டும். பழஞ் சட்டத்திலேயே விதிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவை அமைத்தல் அதற்கு எளிய தொடக்கமாகும். புதிதாக எதையும் கேட்க வேண்டுவதில்லை. இரண்டாவது, கையொப்பமிடும் தலைவர் தம் மக்களிடம் முதலிற் பேசுதல் வேண்டும். பண்டாரநாயக்கவும் டட்லியும் தமிழ்த் தலைவரோடு பேசிய அளவுக்குத் தம் மக்களோடு பேசவில்லை. ஆகவே எதிர்ப்போர் பேசியதே மக்கள் செவியில் ஏறியது. இது தமிழ்த் தலைவர்க்கும் பொருந்தும். மூன்றாவது, ஆட்சி மாறினும் மாறாத பிணை வேண்டும். இரு பெருங் கட்சிகளும் ஒருங்கே ஒப்பாத உடன்படிக்கை, அடுத்த தேர்தல் வரையுமே வாழும்.

இவை நிகழுமா என்று வினவின், நிகழும் என்று உறுதி கூற வரலாற்று மாணவனால் இயலாது. நிகழாது என்று கூறவும் அவனுக்கு உரிமையில்லை. 1957 இல் இரு தலைவர்கள் எட்டிய இணக்கம், அது இயலுவதே என்பதற்குச் சான்றாக நிற்கின்றது. கிழித்தெறியப்பட்டமை அதன் நியாயத்தைக் கெடுக்கவில்லை. அதற்குப் பின் சிந்திய குருதி யாவும் அந்நியாயத்தையே வலியுறுத்துகின்றது.

இரணைமடுவின் வாய்க்கால்களிற் பாயும் நீர் எவ்வினத்தது என்று எவரும் கேட்பதில்லை. அது தலைப்பை நனைத்துக் கடையை எட்டாது வற்றுமாயின், குற்றம் நீரினதன்று, பங்கிட்டோரது. போரின் பின் ஊர் மீண்டு மறுபடியும் விதைத்த வட்டக்கச்சிக் கமக்காரன், தன் பங்குக்கு நாளும் அளவும் குறித்த தீர்மானத்தைக் கேட்பது பேராசையன்று. ஓர் இனம் கேட்பதும் அதுவே. அதனைக் கேட்கும்போதே, தனக்குக் கீழ்க்கடையில் நிற்போனின் பங்கையும் நினைவிற் கொள்ளுமாயின், அக்கேள்விக்கு வலிமை இன்னும் பெருகும். இவ்வுண்மையை உணர்ந்து நடக்கும் தலைமுறையாக நம் மாணவருலகம் எழுவதாக.